ஷாஃப்டைக் கழற்றியவன்

வாடகை லாரியோடு தருகிற குறிப்புப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை, மேடம். காபிக் கோப்பையை வைக்கத்தான் அது பயன்படுகிறது. நான் படிப்பேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அச்சிட்டவன் முகவரி உட்பட. அது ஒரு குற்றம் என்றால் என் வாக்குமூலம் இங்கேயே முடிந்தது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். வயோமிங் போலீஸ்காரர்களுக்கு வரிசையில் அக்கறை இல்லை. விபத்து என்று ஒரு சொல்லை எழுதினார்கள், என் தோளைத் தட்டினார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நல்ல மனிதர்கள். வேலை தெரியாதவர்கள்.

என் பெயர் எல்டன் பிக்கெட். இடாஹோவில், ட்வின் ஃபால்ஸில், எடை அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெட்ரோல் பம்பு சொல்கிற அளவுக்கு ஊற்றுகிறதா, இறைச்சிக் கடைத் தராசு பொய் சொல்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் தவறைத் திருத்தியவன். இதற்காக யாரும் கேக் வெட்டிக் கொண்டாடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

என் மனைவி ரோண்டா இந்த ஊர்க்காரி. செடேலியாவில் பிறந்து வளர்ந்தவள். நான் ஓய்வு பெற்றதும் மிஸ்ஸூரிக்கே திரும்பிவிடலாமா என்று என் விருப்பத்தைக் கேட்டாள். கேட்டபோது வீடு பார்த்து முடித்திருந்தாள். சரி என்றேன். குடும்ப வாழ்க்கையில் இதற்குக் கலந்துபேசி முடிவெடுப்பது என்று பெயர்.

வீட்டைக் காலி செய்ய உதவுவதற்கு ரோண்டாவின் தம்பி டுவேன் இங்கிருந்து விமானம் ஏறி வந்தான். யாரும் அழைக்கவில்லை. தானாக வந்தான், தன் விடுமுறையைச் செலவழித்து. டுவேன் ட்ராக்டர் விற்பவன். உங்களுக்கே அவனைத் தெரிந்திருக்கும். அவனைப் பிடிக்காதவர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

சாமான்கள் வாடகை லாரியில் ஏறின. என் பிக்கப்பை லாரிக்குப் பின்னால் டாலியில், அதாவது முன்சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கிற சின்ன இழுவண்டியில், இழுத்து வருவதாக ஏற்பாடு. அது பழைய ஆட்டோமேட்டிக் வண்டி. என்ஜின் முன்னால் இருந்தாலும் தள்ளுவது பின்சக்கரம். டாலியில் முன்சக்கரம் இரண்டும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பின்சக்கரம் இரண்டும் ரோட்டிலேயே உருண்டு வரும். அவை உருண்டால், அவற்றைக் கியர் பாக்ஸோடு இணைக்கிற ஷாஃப்ட் என்ற நீண்ட இரும்புத் தண்டு சுழலும். ஷாஃப்ட் சுழன்றால் கியர் பாக்ஸுக்குள் எல்லாம் சுழலும். என்ஜின் ஓடாததால் அங்கே எண்ணெய் ஏறாது. போகப்போக உள்ளே எல்லாம் தீய்ந்துபோகும். எனவே புறப்படும் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. டாலியின் மேலேயே மஞ்சள் தாளில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். டுவேன் பிக்கப்பின் முன்சக்கரத்தைப் பட்டையால் இறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"மச்சான், நியூட்ரல்ல போட்டா போதும். நான் எத்தன வண்டிய இப்படி இழுத்திருக்கேன் தெரியுமா?"

"கழட்டணும்னு போட்டிருக்கான் டுவேன்."

"போடத்தான் செய்வான். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா காட்டணும்ல, அதுக்கு. ஏய் ரோண்டா, உன் புருஷன் ஷாம்பு பாட்டில்ல இருக்கிறதயும் படிச்சுட்டுத்தான் குளிப்பானா?"

"கண்ணுல படாம பாத்துக்கோங்கன்னு போட்டிருக்குன்னு எனக்கே படிச்சுக் காட்டியிருக்கான்டா" என்றாள் ரோண்டா. இருவரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாளும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். அந்த அம்மாளோடு அதற்கு முன் நான் பேசியதுகூட இல்லை.

அன்று மாலையே ரோண்டா பூனையோடு விமானத்தில் கிளம்பினாள். நானும் டுவேனும் காலி வீட்டுக் கம்பளத்தில் படுத்தோம். விடிந்ததும் அவன் குறட்டையைத் தாண்டி வெளியே வந்தேன். என் ஸ்பேனர்கள் எல்லாம் லாரியின் அடியாழத்தில் போயிருந்தன. டுவேன் கையோடு கொண்டுவந்த கருவிப் பெட்டி வாசலில் இருந்தது. பிக்கப்பின் அடியில் படுத்து, ஷாஃப்டின் பின்முனையில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றினேன். மறுபடி மாட்டும்போது இடம் மாறாமல் இருக்கச் சாக்பீஸால் கோடு போட்டேன். ஷாஃப்டின் முனையில் இருக்கிற பேரிங் குமிழ்கள் உதிராமல் டேப் சுற்றினேன். ஷாஃப்டை உருவியதும் கியர் பாக்ஸ் வாயில் எண்ணெய் ஒழுகாதபடி பிளாஸ்டிக் பை கட்டினேன். ஷாஃப்டைத் துணியில் சுற்றி லாரியில் மெத்தைக்குப் பின்னால் சொருகினேன். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்காக மன்னியுங்கள். நன்றாகச் செய்த வேலை. இதுவரை யாரிடமும் சொல்லும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஷாஃப்டைக் கழற்றினால் வேறொரு விளைவும் உண்டு. கியரைப் பார்க்கில் போட்டாலும் வண்டி நிற்காது. பார்க் என்பது கியர் பாக்ஸைத்தான் பூட்டும். கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லாதபோது எதைப் பூட்டி என்ன? கால் பிரேக் பிடிக்கும், ஹேண்ட் பிரேக் பிடிக்கும், அவ்வளவுதான். இதுவும் அந்த மஞ்சள் தாளில் இருந்தது, கொஞ்சம் சின்ன எழுத்தில். டுவேனுக்குப் படித்துக் காட்டியிருப்பேன். ஷாம்பு பாட்டில் வரைக்கும்தான் பேச்சு போனது.

அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறீர்கள். அப்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, மேடம். செடேலியாவில் இறங்கி, ரோண்டாவும் அவள் சொந்தக்காரர்களும் சூழ்ந்து நிற்கும்போது, மெத்தைக்குப் பின்னால் கைவிட்டு ஷாஃப்டை வெளியே எடுப்பது என்று நினைத்திருந்தேன். எதுவும் பேசக்கூடாது. சும்மா எடுத்துக் காட்டினால் போதும். எனக்கு ஆசைகள் குறைவு. அது ஒன்று இருந்தது.

ஆனால் வழியில் ஒரு சிக்கல் வந்தது. நான் ஷாஃப்டைக் கழற்றிவிட்டதால் பிக்கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிக்கப்புக்கு ஒன்றும் ஆகாததால் டுவேன் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

எங்கே டீசல் போட நிறுத்தினாலும் இறங்கிப் பின்னால் போவான். கியர் பாக்ஸின் அடியில் கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பான். கொஞ்சம் குனிந்திருந்தால் போதும், ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருப்பது தெரிந்திருக்கும். தனக்கு முன்பே தெரிந்த ஒன்றை எவன் குனிந்து பார்ப்பான்?

"சில்லுனு இருக்கு மச்சான். சூடே இல்ல. நான் என்ன சொன்னேன்?"

"நியூட்ரல்னு சொன்ன."

"அதான். நியூட்ரல்."

உடனே ரோண்டாவுக்கு ஃபோன் போடுவான், ஒலிபெருக்கியில். "உன் புருஷனோட வண்டி இன்னும் உயிரோடதான் இருக்கு. எல்டன் மூஞ்சியத்தான் பாக்க முடியல." மறுமுனையில் ரோண்டா, "நீ கூட இருக்கியேன்னுதான்டா நான் நிம்மதியா தூங்குறேன்" என்பாள். நான் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டுவேன். வழியெல்லாம் என் கியர் பாக்ஸ் எனக்குத் துரோகம் செய்துகொண்டே பின்னால் வந்தது.

அவன் கெட்டவன் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ கொடுமை தாங்காமல் செய்ததாக ஆகிவிடும். என் முதுகுவலிக்காகத் தன் தலையணையையும் எனக்குக் கொடுத்தான். எனக்குப் பிடித்த பழைய பாட்டு வருகிற வானொலி நிலையத்தைத் தேடித்தேடி வைத்தான். மோட்டலில் சன்னலோரக் கட்டிலை எனக்கு விட்டான். ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாக இருக்கும்போது அவனைப் பற்றிப் புகார் சொல்லவும் வழியில்லை. அது எவ்வளவு களைப்பான விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

ராலின்ஸில் ஒரு சாலையோர உணவகத்தில் மதிய உணவுக்கு உட்கார்ந்தோம். அவன் பொரித்த மாட்டிறைச்சியும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பழம் வைத்துச் சுட்ட செர்ரி பை ஒன்று கேட்டான். இரண்டு கரண்டி கேட்டான். ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

"ஒண்ணு சொல்றேன், ரோண்டாகிட்ட கேட்டுடாத" என்றான்.

"சொல்லு."

"உன் அப்பா செத்த வருஷம், அவ பெட்டி கட்டிட்டா, தெரியுமா? உன்ன விட்டுட்டு எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா."

எனக்குத் தெரியாது. அந்த வருடம் ரோண்டா சமையலறைக்குப் புது வண்ணம் அடித்தாள். மஞ்சள். அதுதான் எனக்கு நினைவிருந்தது.

"அவன் கூட ஒரே வீட்டுல இருந்தா தராசுத் தட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருக்குடான்னு அழுதா. நான்தான் சொன்னேன், அக்கா, எல்டன் நல்ல மனுஷன், ஒரு தப்பும் செய்யத் தெரியாதவன், விட்டுட்டு வராதன்னு. ராத்திரியெல்லாம் பேசினேன். அப்புறம்தான் பெட்டியப் பிரிச்சா."

செர்ரி பையைப் பாதியாக வெட்டிப் பெரிய பாதியை என் பக்கம் வைத்தான்.

"எதுக்குச் சொல்றேன்னா, இப்ப ஒரே ஊர்ல இருக்கப் போறோம். நான் எப்பவும் உன் பக்கம்தான்னு நீ தெரிஞ்சுக்கணும். உனக்காக எப்ப வேணா பேசுவேன்."

நன்றி என்று சொன்னேன். என் பாதியைச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

என் வீடு, என் மனைவி, அந்த மஞ்சள் சமையலறை, அதில் நான் குடித்த ஒவ்வொரு காலைக் காபியும் டுவேன் போட்ட பிச்சை என்று அந்த மேசையில் தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன், அவன் என் தோளில் கை போட்டிருப்பான், எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு வந்தது ஒரு விதமான தெளிவு. நீண்ட நாளாகத் தவறாகக் காட்டிக்கொண்டிருந்த ஒரு தராசைக் கண்டுபிடித்தால் வருமே, அது.

லாரமி தாண்டியதும் ரோடு மலையேறத் தொடங்குகிறது. வயோமிங்கில் அக்டோபர் காற்று எப்படி அடிக்கும் என்று மிஸ்ஸூரிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. லாரியையே ஒரு பக்கமாகத் தள்ளியது. அப்போது டுவேன் ஓட்டினான். பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உன் வண்டி கோணலா வருது மச்சான்" என்றான். காற்றில் ஒரு பட்டை தளர்ந்து, பிக்கப்பின் முன்சக்கரங்கள் டாலியில் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தன.

வண்டிகள் நின்று இளைப்பாற ஓர் இடம் வந்தது. சரளைக்கல் பரப்பிய சரிவு, அடிப்பக்கத்தில் இடுப்புயரக் கல்சுவர், அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. டுவேன் உள்ளே ஒரு வட்டம் அடித்து, லாரியின் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தினான். பிக்கப்பின் பின்புறம் சுவரைப் பார்த்து இருந்தது. கொஞ்சம் இடைவெளி இருந்தது, அதிகமில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவன். இதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

வாடகைக் கம்பெனிக்கு ஃபோன் செய்தால் ஆள் அனுப்புவார்கள் என்றேன். குறிப்புப் புத்தகத்தில் எண் இருந்தது.

"அவன் வர்றதுக்குள்ள பனி பெஞ்சிரும். பட்டைய அவுக்கிறோம், வண்டிய கொஞ்சம் பின்னாடி எடுக்கிறோம், நேரா திரும்ப ஏத்துறோம், கட்டுறோம். முடிஞ்சது. நீ ஏறி உக்காரு."

அந்தப் பிக்கப்பை அதன் சொந்த பலத்தில் ஓர் அங்குலம்கூட ஏற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் ஷாஃப்ட் அந்தச் சரளைக்கல்லில், யாரும் பார்க்காமல், அவனுடைய ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். சாயங்காலம் ரோண்டாவுக்கு ஃபோன் போட்டு, "உன் புருஷன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா" என்று ஆரம்பித்திருப்பான். அதுவும் ஒரு வேடிக்கைக் கதையாகிவிடும். ஏறி உட்கார்ந்தேன்.

"பார்க்ல போடு" என்றான். போட்டேன்.

"ஹேண்ட் பிரேக் போடவா?" என்று கேட்டேன். கேட்டேன், மேடம். இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"பார்க்ல இருக்கிற வண்டி எங்க ஓடப் போகுது? சும்மா உக்காரு மச்சான். எதையும் தொடாத."

நான் எதையும் தொடவில்லை, ஒன்றைத் தவிர. வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டேன். அவன் சங்கிலியைக் கழற்றினான். இரண்டு பட்டைகளையும் அவிழ்த்தான். சாய்வுப் பலகைகளை இழுத்துப் போட்டான். அவ்வளவு நேரமும் ஒரு டன்னுக்கும் மேலான இரும்பை அந்தச் சரிவில் பிடித்து வைத்திருந்தது என் கால். அவன் விசில் அடித்துக்கொண்டு வேலை செய்தான். தான் எதை நம்பி நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

பிக்கப்பின் பின்கதவில் காந்தத்தால் ஒட்டிய சிவப்பு விளக்குகள் இருந்தன, லாரியிலிருந்து ஒயர் வரும். வண்டி பின்னால் போனால் ஒயர் அறுந்துவிடும் என்று அவற்றைக் கழற்றப் போனான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே குந்தி உட்கார்ந்தான். கண்ணாடியில் அவன் தொப்பி தெரிந்தது.

அங்கிருந்து கத்தினான், காற்றில் கேட்க வேண்டும் என்று. "இவ்ளோ தூரம் நியூட்ரல்லயே வந்தாச்சு பாத்தியா. ரோண்டா உன்ன ஒண்ணும் சொல்லாதபடி நான் பாத்துக்கறேன். கவலப்படாத."

கவலைப்படாதே என்றான்.

காலை எடுத்தேன்.

வேறெதுவும் செய்யவில்லை. தள்ளவில்லை, அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நான் பிடித்து வைத்திருந்ததை விட்டேன். முன்சக்கரம் பலகையிலிருந்து இறங்கும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. பிறகு வண்டி நின்றுவிட்டது. சுவர் உறுதியான சுவர்.

உடனே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினேன். பழக்கம்.

அவன் உயிரோடு இருந்தான். இடுப்புக்குக் கீழே மாட்டியிருந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் பேசினான்.

"எல்டன், வண்டிய முன்னாடி எடு."

"எடுக்க முடியாது டுவேன்."

"பார்க்ல தான போட்ட?"

"பார்க்லதான் இருக்கு. ஷாஃப்ட் இல்ல."

அவனுக்குப் புரியவில்லை. எனவே விளக்கினேன். அவன் தூங்கும்போது கழற்றியதை, சாக்பீஸ் கோடு போட்டதை, பிளாஸ்டிக் பை கட்டியதை, கியர் பாக்ஸ் ஏன் வழியெல்லாம் சில்லென்று இருந்தது என்பதை. குனிந்து, காற்றுக்கு மறைவாக நின்று, தெளிவாகச் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. நாங்கள் பழகிய இத்தனை வருடத்தில் நான் சொல்வதை அவன் முழுதாகக் கேட்டது அப்போதுதான். ஃபோன் என் சட்டைப் பையில் இருந்தது. சிக்னல் நன்றாகவே இருந்தது. லாரியும் சங்கிலியும் இருந்தன, பிக்கப்பை இழுத்து நகர்த்தியிருக்கலாம். பதற்றத்தில் தோன்றவில்லை என்று வயோமிங்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் என்மேல் ரொம்பப் பரிதாபப்பட்டார்கள். எனக்குப் பதற்றமே வராது, மேடம்.

காலை எடுத்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.

டுவேன் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தான். பிறகு திறந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் நான் ட்வின் ஃபால்ஸிலிருந்து வண்டி ஓட்டி வந்தேன் என்றும் சொல்லலாம். நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன்.

"நீ கழட்டினேன்னு சொல்லாத" என்றான். "ரோண்டா உன்ன மன்னிக்கவே மாட்டா. நான் கழட்டினேன், மறந்துட்டேன்னு சொல்லு. என் பெட்டிதான, என் ஸ்பேனர்தான. எல்லாரும் நம்புவாங்க."

"டுவேன், அது நான்..."

"தெரியும் மச்சான். நீ வேணும்னு செய்யல. சொல்லிரு. நான்தான்னு சொல்லிரு."

பிறகு அவன் பேசவில்லை. பிறகு நான் ஃபோன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்திருந்தது. கேட்டவர்களிடம் அவன் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அந்த நேரத்தில் அதுவே வசதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அவன் சொன்னபடியே எல்லாரும் நம்பினார்கள். இறுதிச் சடங்கில் தேவாலயம் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பாதிரியார் பேசினார். "அக்கா வீட்டு வண்டி கெட்டுவிடக் கூடாது என்று, தன் கடைசிப் பயணத்தின் காலையில், விடியலில் எழுந்து, வண்டிக்கு அடியில் படுத்து, யாருக்கும் சொல்லாமல் செய்த உதவி" என்றார். பெண்கள் அழுதார்கள். ட்ராக்டர் கம்பெனிக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் முதல் வரிசையில், ரோண்டாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விடியலில் எழுந்தது நான். படுத்தது நான். யாருக்கும் சொல்லாமல் இருந்ததும் நான்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுமைசாலி என்று என்னைப் பற்றி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

போன வாரம் பிக்கப்பைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போக ஆள் வந்தான். மெத்தைக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாஃப்டையும் கேட்டான். ரோண்டா கொடுக்கவில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, முன் அறையில், சோஃபாவுக்கு மேலே சுவரில் மாட்டச் சொன்னாள். நான்தான் ஆணி அடித்தேன். நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் டுவேனின் தொப்பியை மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள்.

"எவ்ளோ அழகா சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கான் பாருங்க" என்கிறாள். "போல்ட் ஒண்ணு விடாம எடுத்து வெச்சிருக்கான். குமிழ் உதிரக் கூடாதுன்னு டேப் சுத்தியிருக்கான். என் தம்பி விளையாட்டுப் பிள்ளை மாதிரி இருப்பானே தவிர, இப்படி ஒரு வேலைக்காரன்." வந்தவர்கள் எழுந்து போய் அந்தக் கோட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். நேற்று அவளுடைய சித்தி தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு இதெல்லாம் வருமா எல்டன்" என்று கேட்டாள்.

அதனால்தான் இன்று காலை வந்தேன். என் மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன், வக்கீல் வேண்டாம். வரிசையில் மட்டும் கவனமாக இருங்கள். முதலில் ஷாஃப்டைக் கழற்றியது யார் என்று எழுதுங்கள், மேடம். காலை எடுத்ததைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.